ஜனவரி கடைசியில் கவாகுச்சிகோ டோம் கூடாரம்: 4 வயதுப் பையன், 66 வயது அம்மாவோடு தங்கலாமா?

அரும்புமீன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரம் ஆறு நாள் ஜப்பானில் இருக்கிறோம். அதில் இரண்டு இரவு ஃபூஜி மலையடிவாரத்தில், கவாகுச்சிகோ ஏரிப் பக்கம் கிளாம்பிங், அதாவது கட்டில், ஏசி வசதியுள்ள கூடாரத்தில் தங்கலாம் என்று எண்ணம். நாங்கள் இருவர், 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், என் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகள் பனி பார்த்ததே இல்லை.

பார்த்து வைத்திருக்கும் இடம் 6 மீட்டர் விட்டமுள்ள டோம். முன்பக்கம் முழுக்கத் தெளிவான பிளாஸ்டிக், படுக்கையிலிருந்தே மலை தெரியும். உள்ளே ஏசி, ஓர் ஆயில் ஹீட்டர். கழிப்பறையும் குளியலறையும் 30 மீட்டர் தள்ளித் தனிக் கட்டடம். இரவுச் சாப்பாடு வெளியே மரத்தள டெக்கில் கரியடுப்பு பார்பிக்யூ. அம்மாவும் நானும் சைவம், முட்டையும் கிடையாது. கணவரும் பிள்ளைகளும் எல்லாம் சாப்பிடுவார்கள்.

இரவில் உள்ளே குளிர் தாங்குமா? என்ன உடுப்பு வேண்டும்? எங்கள் இருவருக்கும் சாப்பாட்டுக்கு என்ன வழி? காரா, ரயிலா? பனி கட்டாயம் இருக்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கூதிர்

சூடேற்றும் ஏற்பாட்டைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள், ஜன்னல் காட்சியை அதற்கப்புறம் பார்க்கலாம். ஏரிக்கரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 830 மீட்டர் உயரம். ஜனவரியில் பகல் 5, 6 டிகிரி. விடியற்காலை சராசரியாக மைனஸ் 5 பக்கம். மேகமில்லாத இரவில் மைனஸ் 10 வரைகூட இறங்கும். மலை பளிச்சென்று தெரியும் நாட்களின் இரவுதான் அதிகம் குளிரும், ஏனென்றால் தரையின் சூடு போர்வை மாதிரி மூட மேகமில்லாமல் அப்படியே மேலே போய்விடும்.

டோம் என்பது சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய பிவிசி துணி. 6 மீட்டர் விட்டமென்றால் தரை 28 சதுர மீட்டர், உச்சி 3 மீட்டருக்கு மேல். ஏசி விடும் சூடு நேரே உச்சிக்குப் போய் நிற்கும். நின்றால் முகத்துக்கு வெதுவெதுப்பு, படுத்தால் முதுகுக்குக் குளிர். அதனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்: துணிக்கு உள்ளே இன்னோர் அடுக்கு உறை இருக்கிறதா, தரை உயர்த்திய மரப்பலகைதானா, உச்சிச் சூட்டைக் கீழே தள்ள ஒரு சிறு விசிறி கிடைக்குமா. விசிறியை ஆட்களை நோக்கி வைக்கக் கூடாது, கூரையைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும்.

ஏசி ரிமோட்டில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. சூடேற்றுவதற்கு 'தன்போ', குளிர்விப்பதற்கு 'ரெய்போ'. பெரும்பாலும் தன்போ பொத்தான் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். வரவேற்பறை ஆளை அழைத்து ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிவிடுங்கள். 25, 26 டிகிரி, விசிறி வேகம் அதிகம், காற்றுத் தடுப்பு முழுக்கக் கீழ்நோக்கி. நடு இரவில் திடீரென்று சூடு நின்று ஐந்து பத்து நிமிடம் ஒன்றும் வராது. பழுது என்று பயந்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள். வெளிப்பெட்டியின் குழாய்களில் படிந்த உறைபனியை அது தானே உருக்கிக்கொண்டிருக்கும், முடிந்ததும் மறுபடி சூடு வரும். பார்பிக்யூவுக்கு டெக்கில் உட்காரும்போதும் ஏசி ஓடட்டும். அணைத்துவிட்டுப் போனால் மெத்தை, தரை, துணி எல்லாம் ஜில்லிட்டுவிடும், மறுபடி சூடேற மணிக்கணக்காகும்.

ஆயில் ஹீட்டர் பொதுவாக 1200 வாட். அந்த அளவு பெரிய இடத்தை அது தனியாகச் சூடாக்காது. ஆனால் சரியான இடத்தில் வைத்தால் நல்ல பயன் தரும்: தெளிவான பிளாஸ்டிக்குக்கும் படுக்கைக்கும் நடுவில். அந்தப் பக்கத்தில் குளிர்ந்த காற்று சரிந்து இறங்கித் தரையோடு படுக்கைக்கு வரும், ஹீட்டர் அதை வழியிலேயே தடுக்கும். மலையைப் பார்த்துப் படுக்க ஆசைதான், ஆனால் தலை அந்தப் பக்கம் வேண்டாம், கால் அந்தப் பக்கம் இருக்கட்டும். பையன் தரையில் மெத்தை போட்டுத் தூங்குவதானால் அடியில் அலுமினியம் பூசிய நுரைப் பாய் விரியுங்கள். 100 யென் கடைகளில் கிடைக்கும்.

மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பிப் பிளக். ஒரு சாக்கெட்டின் தாங்குதிறன் 15 ஆம்பியர், அதாவது 1500 வாட். ஆயில் ஹீட்டரும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் ஒரே கம்பியில் ஓடினால் பிரேக்கர் விழும். கெட்டில் போடும் ஐந்து நிமிடத்துக்கு ஹீட்டரை அணையுங்கள். ஊரிலிருந்து 230 வோல்ட் கெட்டில், குக்கர் கொண்டுவருவது வீண்: 1500 வாட் கெட்டில் இங்கே 300 வாட்கூடத் தராது.

சில இடங்களில் மண்ணெண்ணெய் ஃபேன் ஹீட்டர் தருவார்கள். சூடு அருமை. இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் அது தானாக அணையும், நேரத்தை நீட்ட 'என்ச்சோ' பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்தது, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாக உள்ளேயே சேரும். அது குளிர்ந்த துணியில் முத்து முத்தாகப் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மணிக்கு ஓரிரு முறை வாசலைத் திறந்து காற்றை மாற்றுங்கள், தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு என்ன என்று பார்த்தால், நான் அந்த 30 மீட்டருக்காகவே இந்த டோமை வேண்டாம் என்பேன். இரவு 3 மணி, மைனஸ் 8, படியில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி, முழங்கால் வலியுள்ள அம்மா. அதே வளாகங்களில் கழிப்பறை உள்ளேயே இருக்கும் மரவீடோ டிரெய்லர் வீடோ பெரும்பாலும் கிடைக்கும். டெக், தீமூட்டம், மலைக்காட்சி எல்லாம் அதே. சுவருக்குள் காப்பு அடுக்கு இருப்பதால் ஏசி ஒன்றே போதும்.

பஞ்சுப்பொதி

கூதிர் கழிப்பறை பற்றிச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். நான் உடுப்புக்கு வருகிறேன்.

உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். பிள்ளைகள் ஓடி விளையாடினால் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே நிற்கும், விளையாட்டை நிறுத்தியதும் அந்த ஈரமே குளிரும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்குமேல் காற்று புகாத ஜாக்கெட். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். ஜப்பானில் இறங்கிய முதல் நாளே யூனிக்லோ துணிக்கடையில் ஹீட்டெக் என்னும் குளிர்கால உள்ளாடை வாங்கிக்கொள்ளலாம், பிள்ளைகள் அளவும் உண்டு. ஒருவருக்கு இரண்டு செட் இருந்தால் ஒன்று நனைந்தாலும் மாற்று இருக்கும். ஒரு காலுக்கு இரண்டு காலுறை இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். தடிமனாக ஒன்று, ஷூ அரை அளவு பெரிதாக. பையனுக்குத் தனி விரல் கையுறை வேண்டாம், நான்கு விரலும் சேர்ந்த வகை வாங்குங்கள், அதுவும் இரண்டு ஜோடி.

கைரோ பற்றிக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் சூட்டுப் பொட்டலம் அது. உள்ளே இரும்புத் தூள், பிரித்ததும் காற்றோடு சேர்ந்து சூடாகும், சராசரியாக 50 டிகிரிக்கு மேல் போகும். தோலில் நேராக ஒட்டவே கூடாது, உள்ளாடைக்கு வெளியே ஒட்டுங்கள். படுக்கும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள். 44 டிகிரிகூட மூன்று நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துபோகும். 46 டிகிரிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி போதும். வலி தெரியாமல் ஆழமாகப் புண்ணாவதுதான் இதில் ஆபத்து. சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் அம்மாவுக்குக் காலில் கைரோ வேண்டவே வேண்டாம். கால் மரத்திருக்கிறதா என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'யுதன்போ' என்னும் வெந்நீர்க் குடுவைக்கும் இதுதான் விதி. துணி சுற்றி, படுப்பதற்கு அரை மணி முன் போர்வைக்குள் வையுங்கள். படுக்கை சூடானதும் வெளியே எடுத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

அம்மா குளிப்பதிலும் கவனம் தேவை. சூடான அறையிலிருந்து குளிர்ந்த உடைமாற்றும் அறை, அங்கிருந்து வெந்நீர்த் தொட்டி என்று மாறும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். ஜப்பானில் குளிர்காலத்தில் முதியவர்கள் குளியலறையில் மயங்கி விழுவதற்கு இது பெரிய காரணம். தண்ணீர் 41 டிகிரிக்குள், தொட்டியில் 10 நிமிடத்துக்குள், சாப்பிட்ட உடனே வேண்டாம், எழும்போது கம்பியைப் பிடித்து மெதுவாக. பொது வெந்நீர் ஊற்றுக்குப் போனால் பையன் உங்களோடு பெண்கள் பக்கம் வரலாம், பெண் அப்பாவோடு போக முடியாது. 7 வயது வாக்கில் அந்த எல்லை. குடும்பமாகக் குளிக்க 'காஷிகிரி' என்று கேட்டு நேரம் பதிவு செய்யுங்கள். தலைமுடியை நன்றாக உலர்த்திய பிறகே வெளியே வாருங்கள்.

தணல்

சாப்பாடும் நெருப்பும் என் பக்கம்.

முதலில் சைவம். ஜப்பானில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மீன்சாறு வரும். 'தாஷி' என்னும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் காய்ந்த மீனில் செய்வது. பதிவு செய்யும்போதே நான்கு சொல்லையும் எழுதிவிடுங்கள்: நிகு, சகனா, தாஷி, தமகோ. இறைச்சி, மீன், மீன்சாறு, முட்டை. இவை இல்லாமல் இருவருக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் காய்கறி மட்டும் வைக்கச் சொல்லலாம். வந்த அன்று கேட்டால் நடக்காது, சாப்பாட்டுப் பெட்டி முந்தின நாளே தயாராகிவிடும். கவாகுச்சிகோ இருக்கும் யமனாஷி மாநிலத்தின் பெயர்பெற்ற 'ஹோதோ', பரங்கிக்காயும் தட்டையான கோதுமை மாவுப் பட்டையும் போட்டு மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் கொதிக்கவைப்பது, பார்க்கச் சைவமாகவே இருக்கும். அதிலும் மீன்சாறு இருக்கும், கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

கரியில் சுட நல்ல சைவச் சரக்கு அங்கே ஏராளம். பரங்கிக்காய், ஷீடாகே காளான், கத்தரிக்காய், 'அட்சுஆகே' என்னும் தடித்த பொரித்த டோஃபு. சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஈரத் தாளில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, தணலின் ஓரத்தில் புதைத்து இடையில் ஒருமுறை திருப்பிப்போட்டால் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் தேன் மாதிரி வெந்திருக்கும். சுட்ட இறைச்சிக்கு ஊற்றும் பாட்டில் 'யாகினிகு' சாறுகளில் இறைச்சி, மீன் சத்து சேர்ந்திருக்கலாம். உப்பும் மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் போதும். உங்கள் இருவருக்குத் தனிக் கம்பிவலை கேளுங்கள், 'அமி' என்பது அதன் பெயர். மோச்சி அரிசிக் கட்டியைச் சுட்டால் ஊதிப் பொங்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் 4 வயதுக்கும் அம்மாவுக்கும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. சுண்டுவிரல் நுனி அளவு வெட்டி, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுங்கள், இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

மீதிக்குத் தயிர்சாதம். வெந்த சாதப் பொட்டலம் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு, மைக்ரோவேவில் 2 நிமிடம், அது இல்லாவிட்டால் கொதிநீரில் 15 நிமிடம். சர்க்கரை சேர்க்காத தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும், புளிப்பு கொஞ்சம் குறைவு. ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஊரிலிருந்து வரட்டும். பச்சைக் கறிவேப்பிலையைப் பையில் வைக்காதீர்கள், விமான நிலையத் தாவரப் பரிசோதனையில் பிடித்துவிடுவார்கள்.

இருட்டு 5 மணி வாக்கில் வந்துவிடும். 3 மணிக்கு உள்ளே போனால் 4 மணிக்கே கரியைப் பற்றவையுங்கள், தணல் சாம்பல் பூத்து நிற்க அரை மணி ஆகும். இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு உடனே தட்டில் போடுங்கள், ஆறினால் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிடும். சிறு கேஸ் கேனில் எரியும் மேசை அடுப்பு கொடுத்தால் வெளியே அது முனகிக்கொண்டு நிற்கும். சாதாரணக் கேனில் பெரும்பங்கு பியூட்டேன், அதில் நார்மல் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. 10 டிகிரிக்குக் கீழேயே சுடர் மெலிய ஆரம்பிக்கும். ஐசோபியூட்டேன் கலந்த குளிர்காலக் கேன் தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கேனைத் தணலருகே வைத்தோ வெந்நீரில் முக்கியோ சூடாக்கினால் வெடிக்கும்.

தீமூட்டத்தின் பக்கம் இறகு அடைத்த நைலான் ஜாக்கெட்டோடு உட்காராதீர்கள். ஒரு சிறு பொறி பட்டால் கடுகு அளவு ஓட்டை உருகும், அதன் வழியே இறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். மேலே ஒரு பழைய பருத்திச் சட்டை அல்லது கம்பளிச் சால்வை போதும். சுகி போன்ற ஊசியிலை மரம் சட்டென்று பிடிக்கும், பொறி அதிகம் பறக்கும். நாரா மரம் மெதுவாகப் பிடித்து நின்று எரியும். பிள்ளைகள் உட்காரும் நேரத்துக்கு நாரா கட்டு கேளுங்கள்.

வழித்துணை

ரயில்தான். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து கவாகுச்சிகோ வரை மாறாமல் போகும் 'ஃபூஜி கையூ' விரைவு ரயில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். எல்லாமே முன்பதிவு இருக்கை, ஒரு மாதம் முன்னால் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும். நாடு முழுவதற்குமான ஜேஆர் ரயில் பாஸ் வழியிலுள்ள ஒட்சுகி ஸ்டேஷன் வரைதான் செல்லும், அதன்பின் ஃபூஜிக்யூ என்னும் தனியார் ரயில் பாதைக்குத் தனிக் கட்டணம். பஸ்டா ஷின்ஜுகு பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸும் உண்டு, ஏறக்குறைய அதே நேரம், நெரிசலானால் கூடும். பெரிய பெட்டிகளை முந்தின நாளே டோக்கியோ ஹோட்டலிலிருந்து அடுத்து தங்கும் ஹோட்டலுக்குத் 'தக்யூபின்' என்னும் பெட்டி அனுப்பும் சேவையில் போட்டுவிட்டு, முதுகுப்பையோடு வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போக வண்டி உண்டா என்று கேளுங்கள். சுற்றுலாப் பஸ்கள் மாலையோடு நின்றுவிடும்.

காரே வேண்டுமென்றால், 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் செல்லும். 6 வயதுக்குள் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். டோக்கியோவில் எடுக்கும் வண்டியில் கோடைக்கால டயர்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே 'ஸ்டட்லெஸ்' என்னும் பனி டயர் கேளுங்கள். பனி விழாத நாளிலும் பாலமும் சுரங்க வாயும் நிழல் வளைவும் கறுப்புக் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். ஈரம் என்று நினைத்து பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். காலையில் முன்கண்ணாடி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பனி ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் முறை குழந்தைகளோடு இங்கே ஓட்டிப் பழக வேண்டாம் என்பதே என் கருத்து.

பனிக்கு உத்தரவாதம் இல்லை. பசிபிக் பக்கம் குளிர்காலம் வறண்ட, வெயிலான காலம். மலை நன்றாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். வந்தால் ஒரேயடியாக வரும்: 2014 பிப்ரவரி நடுவில் கவாகுச்சிகோவில் 143 செ.மீ. குவிந்து, ரயிலும் நெடுஞ்சாலையும் நின்றன. ஜப்பானின் தெற்குக் கடற்கரையை ஒட்டித் தாழ்வழுத்தம் வருகிறது என்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத் தேதியை மாற்றுங்கள். பிள்ளைகளுக்குப் பனி வேண்டுமானால் பக்கத்து நருசவா கிராமத்திலுள்ள ஃபூஜிதென் பனிச்சறுக்குத் திடலுக்கு டாக்ஸி பிடியுங்கள். இயந்திரத்தில் பனி செய்கிறார்கள், சறுக்குப் பலகைக்குச் சிறுவர் பகுதி தனியாக உண்டு, உடையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும்.

மலைக்கு நேரம் காலை 6.30 முதல் 9 வரை. சூரியன் எழும் சில நிமிடம் பனிமுகடு இளஞ்சிவப்பாகும், வடகரை ஒயிஷி பூங்காவில் நின்றால் ஏரியும் மலையும் நேரெதிரே. காமிராவை உள்ளே கொண்டுபோகும்முன் ஜிப் பையில் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும்.

அரும்புமீன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கழிப்பறை உள்ளே இருக்கும் மரவீட்டுக்கு மாற்றித் தரக் கேட்டு எழுதிவிட்டேன். ரயிலும் முடிவு. ஒரே ஒரு சந்தேகம்: அன்றைக்குக் காற்று பலமாக அடித்தால், கரியடுப்பை வாசலுக்கு உள்பக்கம் வைத்துக் கதவைத் திறந்து வைத்தால் போதாதா? அல்லது சாப்பிட்டபின் மிஞ்சிய தணலைச் சூட்டுக்காகக் கொஞ்ச நேரம் உள்ளே வைக்கலாமா?

கூதிர்

கூடவே கூடாது, இரண்டுமே. கதவு திறந்திருந்தாலும் கூடாது. புகை அடங்கிச் செக்கச்செவேலென்று நிற்கும் தணல்தான் கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பிக்கும். பயணக் களைப்பு என்றே நினைக்கத் தோன்றும், எழுந்து போகலாம் என்று முடிவெடுக்கும்போது கால் கேட்காது. குழந்தைகளை முதலில் தாக்கும். ஜப்பானில் கூடாரத்துக்குள் கரி வைத்து உயிர்போன செய்திகள் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன.

காற்றடித்தால் வரவேற்பறையில் சொல்லுங்கள். கூரையும் தடுப்பும் உள்ள பொதுச் சமையலிடம் பல வளாகங்களில் உண்டு, அங்கே மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் மின்சாரத் தட்டடுப்பு கேளுங்கள். அதுவும் 1300 வாட் பக்கம் இழுக்கும், அப்போது அதே கம்பியில் கெட்டிலும் ஹீட்டரும் வேண்டாம். மிஞ்சிய தணலை மூடியுள்ள 'ஹிகேஷித்சுபோ' இரும்புப் பானையில் போட்டு மூடி டெக்கிலேயே விடுங்கள், காற்றில்லாமல் தானே அணையும். தண்ணீர் ஊற்றினால் கொதிநீராவி முகத்தில் அடிக்கும், சாம்பலும் பறக்கும். கிளம்புமுன் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, ஊரிலேயே சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துப் பையில் வையுங்கள். மரவீட்டில் அதைத் தலையணை உயரத்தில், பையன் படுக்கும் பக்கம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.